காருக்கு வீட்டிலேயே காற்றடிக்க எந்த மின்பம்பை வாங்குவது?

கோண்டாவில் வாசி எழுதியது:

வணக்கம். ஜப்பானில் இருந்து வந்த சிறிய ஹைபிரிட் கார் ஒன்றை ஏழு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பின்னர் அது வாரத்தில் இரண்டு நாட்கள்தான் படலை தாண்டுகிறது. மாதத்தில் ஒரு தடவை வவுனியாவில் உள்ள மகள் வீட்டுக்குப் போய் வருகிறோம். காற்றுப் பார்ப்பதற்கு இதுவரை பெற்றோல் செற்றுக்கே போய் வந்தேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் ரயர் சூடேறிவிடுகிறது. சென்ற மாதம் வவுனியாவுக்குப் புறப்பட்ட அன்று ஓரிடத்தில் நான்கு சில்லுக்கும் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) என்று அடித்துவிட்டார்கள். கிளிநொச்சியில் தேநீருக்காக நிறுத்திய இடத்தில், தெரிந்த ஒருவர் தமது அளவுமானியால் பார்த்தபோது 44 காட்டியது. மனைவியையும் பேரப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போகும்போது எந்த அளவை நம்புவது என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

ஆகையால் வீட்டிலேயே வைத்துக் காற்றடிக்க ஒரு சிறிய பம்ப் வாங்க எண்ணியுள்ளேன். கடைகளில் சிகரெட் லைற்றர் துளையில் செருகும் வயருள்ளவையும், கைத்தொலைபேசி போலச் சார்ஜ் செய்யும் பற்றரி உள்ளவையும் இருக்கின்றன. எல்லாப் பெட்டிகளிலும் 150 பி.எஸ்.ஐ. என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கனடாவில் உள்ள தம்பியும் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

சுன்னாகம் ரயர்காரன் எழுதியது:

ஐயா, இருபத்தாறு ஆண்டுகள் ரயர் கடையில் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் 35க்கும் 44க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி சூட்டால் வந்தது. நெடுந்தூரம் ஓடிய ரயரில் நான்கு, ஐந்து பி.எஸ்.ஐ. ஏறுவது இயல்பு. மிகுதி நான்கோ ஐந்தோ அந்த இரண்டு மானிகளில் ஒன்றின் பிழையாகத்தான் இருக்க முடியும். சூடான ரயரில் அளவு கூடத் தெரிகிறது என்பதற்காக வழியில் காற்றைத் திறந்துவிட வேண்டாம். மறுநாள் காலையில் ரயர் ஆறியதும் காற்றுக் குறைந்து நிற்கும்.

பெட்டியில் உள்ள 150 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அந்தப் பம்ப் திணறித் திணறி எட்டக்கூடிய கடைசி அழுத்தம் அது. உங்களுக்குத் தேவையான அளவு சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டையில் கிலோபாஸ்கலில் இருக்கும். 220 என்றால் 32 பி.எஸ்.ஐ.; 240 என்றால் ஏறக்குறைய 35. ரயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிப்பவர்களை இன்றும் காண்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, குழாயின் நுனி வால்கட்டையில், அதாவது சில்லில் காற்று ஏற்றும் வாயில், எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான். திருகிப் பூட்டும் நுனி உறுதியாகப் பிடிக்கும். ஆனால் கழற்றும்போது ஐந்தாறு சுற்று முடியும்வரை ‘உஸ்’ என்று காற்றுப் போய்க்கொண்டே இருக்கும். நெம்பினால் கவ்வும் நுனியை ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். ஆனால் அதன் உள்ளேயுள்ள றப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. எதுவானாலும் பித்தளையாலானதை எடுங்கள். அடுத்ததாக, தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம், எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிறிய பம்புகளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே எல்லை. அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத பம்பை நான் வாங்க மாட்டேன்.

திருநெல்வேலி மாணவி எழுதியது:

அண்ணா சொன்னதோடு ஒரு சிறு கணக்கைச் சேர்க்கிறேன். பம்பின் வேகத்தைப் பற்றிய பயம் அதனால் நீங்கும் என்று நினைக்கிறேன். சிறிய காரின் ரயர் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறக்குறைய 25 லீற்றர். அதில் ஒவ்வொரு 14.7 பி.எஸ்.ஐ. உயர்த்துவதற்கும் வெளியில் உள்ள சாதாரணக் காற்று இன்னொரு 25 லீற்றர் உள்ளே போக வேண்டும். ஆகவே 28 இல் இருந்து 35 இற்குக் கொண்டுபோக ஏறக்குறைய 12 லீற்றர் காற்றே தேவை. நிமிடத்துக்கு 15 லீற்றர் தள்ளும் சாதாரணப் பம்ப் அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். பெட்டியில் போடும் லீற்றர் அளவு எதிர் அழுத்தம் இல்லாத நிலையில் எடுத்தது என்பதால், உண்மையில் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றாகக் காற்றுப்போன ரயரை நிரப்புவதற்கு ஏறக்குறைய 60 லீற்றர் வேண்டும். அங்கேதான் மலிவான பம்ப் சூடேறித் தடுமாறும்.

வீட்டில் மாதம் ஒருமுறை பார்ப்பவருக்கு முதல் கணக்குத்தான் வரும். நல்ல ரயரிலும் மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவில் காற்று இறங்குவது வழக்கம். மாதந்தோறும் பார்க்கும் வீட்டில் ரயர் 28 வரை இறங்குவதற்கே இடமில்லை.

வேலணை எழுதியது:

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், பெரிய இரட்டைச் சிலிண்டர் பம்ப் ஒன்றை, லைற்றர் துளையில் செருகலாம் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னதை நம்பி வாங்கினேன். முதல் சில்லு சரியாக நிரம்பியது. இரண்டாவது சில்லில் பாதியில் நின்றுபோனது; அன்று மாலை அந்தத் துளையில் தொலைபேசியும் சார்ஜ் ஏறவில்லை. பியூஸ் போயிருந்தது. பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது அந்தத் துளைக்கு 15 அம்பியர் என்று இருந்தது. பம்பின் அடியில் ஒட்டியிருந்த தாளில் 23 அம்பியர் என்று இருந்தது. கடையிலேயே பம்பைத் திருப்பிப் பார்த்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

இப்போது நான் காலால் மிதிக்கும் பம்பையே வைத்திருக்கிறேன். பண்ணைப் பாலத்தால் நாளும் போய்வரும் எங்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. மின்பம்பின் உள்ளே உள்ள இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மிதிபம்புக்குப் பற்றரியும் வேண்டாம், பியூஸும் வேண்டாம். ஐயாவும் இதைப் பற்றிச் சிந்திக்கலாம்.

சுன்னாகம் ரயர்காரன் எழுதியது:

வேலணை அன்பருக்கு: மிதிபம்ப் நல்ல பொருள்தான். ஆனால் ஓய்வு பெற்ற ஒருவர் நான்கு சில்லுக்கும் குனிந்து நின்று மிதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடினமாக இருக்கும் வேலையை மனிதர் தள்ளிப்போடுவார்; தள்ளிப்போட்டால் காற்றுப் பார்க்கும் பழக்கமே விட்டுப்போகும். ஐயா லைற்றர் துளைப் பம்பை எடுப்பதானால் அது 10 அம்பியருக்குள், அதாவது 120 வாற்றுக்குள் இருக்கட்டும். 20, 30 அம்பியர் இழுக்கும் பெரிய பம்புகளுக்குக் காரின் பற்றரியிலேயே கவ்வும் முதலைவாய் வயர்கள் வரும். அவை வேறு தேவைக்கானவை.

மானிப்பாய் வான் எழுதியது:

அந்த வேறு தேவை எங்களுடையது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வானுக்கு லைற்றர் துளைப் பம்ப் போதாது. வயரும் பின்சில்லுவரை எட்டாது. முதலைவாய் வயருள்ளதைத்தான் வைத்திருக்கிறேன். இயந்திரத்தை ஓடவிட்டே அடிக்கிறேன். ஆனால் ஒருபோதும் மூடிய கராஜுக்குள் அல்ல, புகை உயிருக்கு ஆபத்து. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: எந்தப் பம்பானாலும் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு குழாயின் பித்தளை நுனியை வெறுங்கையால் தொடாதீர்கள். என் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தோல் உரிந்தது. ஒரு துணியை அந்தப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஸ்காபரோவில் இருந்து எழுதியது:

கோண்டாவில் அண்ணாவின் தம்பி இங்கிருந்து கொண்டுவருவதானால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற், அங்கே 230. சுவரில் செருகி ஓட்டும் பம்பை இங்கிருந்து கொண்டுவந்தால் முதல் நாளே புகையும். எங்கள் வீட்டில் இருந்து மாமா ஒருவருக்கு அனுப்பிய கருவி ஒன்று அப்படித்தான் எரிந்தது. 12 வோல்ற் காரில் ஓடுவது எங்கும் ஓடும். யூ.எஸ்.பி.யால் சார்ஜ் செய்வதற்கும் தடையில்லை, அங்குள்ள தொலைபேசிச் சார்ஜரே போதும். விமானத்தில், கருவியில் பூட்டாமல் தனியாக இருக்கும் லித்தியம் பற்றரியைச் சூட்கேசுக்குள் வைக்க விடமாட்டார்கள். கைப்பையில்தான் வைக்க வேண்டும். தம்பிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் மகீற்றா, போஷ் போன்ற கருவிகளின் பற்றரி ஏற்கெனவே இருந்தால், அதே பற்றரியில் ஓடும் பம்பையும் அந்தக் கம்பனிகள் செய்கின்றன. தச்சுவேலை செய்யும் வீடுகளுக்கு அது வசதி.

திருநெல்வேலி மாணவி எழுதியது:

பற்றரிப் பம்பைப் பற்றிக் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அவற்றில் இருப்பது லித்தியம் அயன் கலங்கள். நம்மூரில் சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 60 பாகை செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் கலம் சீக்கிரம் வலுவிழந்துவிடும். வழியில் ரயர் போகும் நாளில் எடுத்துப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். வீட்டின் உள்ளே வைத்து, பயணம் போகும்போது மட்டும் எடுத்துச் செல்பவருக்குப் பற்றரிப் பம்ப் நன்று. காரிலேயே போட்டுவைத்து மறந்துவிடுபவருக்கு வயருள்ள பம்ப்தான் பாதுகாப்பு. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் எங்கள் வீட்டுக் கார் வாரக்கணக்காக ஓடாமல் நின்றபோது, ரயர் நான்கும் தொய்ந்து, காரின் சொந்தப் பற்றரியும் இறங்கிவிட்டது. அன்று வயருள்ள பம்ப் பயன்படவில்லை. பக்கத்து வீட்டாரின் பற்றரிப் பம்பே கைகொடுத்தது. ஆகையால் இரண்டில் ஒன்றுதான் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோண்டாவில் வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பியூஸ் எத்தனை அம்பியர் என்று பார்ப்பதற்காக இன்று காலை காரின் கையேட்டை எடுத்தேன். அது ஜப்பானிய மொழியில் இருந்தாலும் படங்கள் விளங்கின. பியூஸ் பக்கத்தைத் தேடும்போது, பின்பக்கத்தில் சாமான் வைக்கும் இடத்தின் தரைப் பலகைக்கு அடியில் ஏதோ ஒரு பெட்டி இருப்பது போன்ற படத்தைக் கண்டேன். பாயைச் சுருட்டிப் பலகையைத் தூக்கினால், ஏழு ஆண்டுகளாக நான் ஒருமுறையும் பார்க்காத கறுப்புப் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது! அதனுள்ளே லைற்றர் துளையில் செருகும் வயருடன் ஒரு சிறிய பம்பும், வெள்ளைத் திரவம் உள்ள ஒரு போத்தலும் இருக்கின்றன. பம்பின் முகப்பில் கிலோபாஸ்கல் அளவுடன் வட்டமான ஒரு மானி இருக்கிறது. இதைப் பயன்படுத்தலாமா?

சுன்னாகம் ரயர்காரன் எழுதியது:

ஐயா, இதை முதல் பதிவிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தவறு. ஜப்பானில் இருந்து வரும் சிறிய கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் பலவற்றுக்கு மேலதிகச் சில்லு கிடையாது. அதற்குப் பதிலாக இந்தப் பெட்டியைத்தான் வைத்து அனுப்புகிறார்கள். 2020 இல் நின்ற கார் இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது; உங்களுடையது அதற்கு முன்னர் வந்த பழைய கார். ஆகவே போத்தலின் தவணை நிச்சயமாக முடிந்திருக்கும். அதில் திகதி அச்சிட்டிருக்கும், பாருங்கள். அந்தத் திரவத்தை வீட்டுப் பராமரிப்புக்குத் தொடவே வேண்டாம். அது பஞ்சரான ரயருக்குள் செலுத்தி, அருகிலுள்ள கடைவரை மெதுவாகப் போய்ச் சேர்வதற்கு மட்டுமே. அது உள்ளே போன ரயரைக் கழற்றி ஒட்டுபவன் படும் பாடு எனக்குத் தெரியும்.

பம்பை மட்டும் தனியாகப் பயன்படுத்தலாம். குழாயைப் போத்தலில் பூட்டாமல் நேரே வால்கட்டையில் பூட்டுங்கள். முதலில் காரை ‘பி’ நிலையில் வைத்து, கைத்தடையைப் போட்டு, ‘ரெடி’ விளக்கு எரியும் வரை இயக்குங்கள்; ஹைபிரிட் கார்களின் 12 வோல்ற் பற்றரி சிறியது, அதை இறக்கிவிடக் கூடாது. பம்ப் ஓடும்போது மானி காட்டுவது குழாய்க்குள் உள்ள அழுத்தம். அது ரயரில் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். நிறுத்தி, முள் அசையாமல் நின்ற பிறகு தெரியும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே புதிய பம்ப் வாங்கும் காசில், தனியாக ஒரு நல்ல அளவுமானியை வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். பழைய பம்பின் மானி ஏழு ஆண்டு அந்தச் சூட்டில் கிடந்தது. பம்ப் மெதுவாக அடித்தால் ஐந்து நிமிடம் வீணாகும், அவ்வளவுதான். மானி பொய் சொன்னால் நீங்கள் அதை அறியாமலே ஏ9 இல் போய்க்கொண்டிருப்பீர்கள். காற்றுக் குறைந்தால் ரயரின் இரு தோள்களும், கூடினால் நடுவும் தேயும். சுமையோடு வேகமாகப் போகும்போது குறைந்த காற்றே ரயரைச் சூடாக்கி வெடிக்க வைப்பது. நான் கடையில் கண்ட வெடித்த ரயர்களில் கூடுதலாக அடித்து வெடித்தவை மிகக் குறைவு.

வேலணை எழுதியது:

மானியைத் தனியாக வாங்கும் யோசனையை நானும் ஏற்றுக்கொள்கிறேன். என்னிடம் உள்ள மிதிபம்பின் மானியை நண்பர் ஒருவரின் மானியோடு ஒப்பிட்டபோது மூன்று பி.எஸ்.ஐ. கூடக் காட்டியது. இத்தனை நாளும் குறைந்த காற்றில்தான் ஓடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. சைக்கிளுக்கும் அதே பம்பைப் பயன்படுத்த விரும்புபவர்களுக்கு ஒரு சொல்: நம்மூர்ச் சைக்கிள்களின் வால்கட்டை வேறு வகையானது, அதற்கான சிறிய இணைப்பு நுனி பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

திருநெல்வேலி மாணவி எழுதியது:

ஐயா அளக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார் குறைந்தது மூன்று மணித்தியாலம் நின்றிருக்க வேண்டும். வெயில் ஏறுமுன்னர் அளப்பது மிக நன்று. வெப்பம் ஐந்தரைப் பாகை செல்சியஸ் மாறினால் ஒரு பி.எஸ்.ஐ. மாறும். நுவரெலியாவுக்குப் போனால் என்ன செய்வது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அங்கே குளிரால் ஏறக்குறைய மூன்று பி.எஸ்.ஐ. குறையும், 1,800 மீற்றருக்கு மேலான உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஏறக்குறைய மூன்று கூடக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால், இங்கே சரியாக அடித்திருந்தால் அங்கே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கோண்டாவில் வாசி எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில் தனி மானி வாங்கினேன். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு அளந்தபோது இடப்பக்கச் சில்லு இரண்டும் 34, வலப்பக்கம் இரண்டும் 32 என்று வந்தது. பம்பை எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன்: இடப்பக்கம் கிழக்கு வெயிலில் நின்றது, வலப்பக்கம் மாமர நிழலில் நின்றது. மறுநாள் ஆறு மணிக்கு அளந்தேன், நான்கிலும் 32. அட்டையில் 240 கிலோபாஸ்கல், அதாவது 35. பெட்டியில் இருந்த பழைய பம்ப் ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு நிமிடத்துக்குக் குறைவாகவே எடுத்தது. அதன் மானியும் புதிய மானியும் இரண்டு பி.எஸ்.ஐ. வேறுபடுவதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டேன்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. மூன்று சில்லும் 35 இல் அப்படியே நிற்க, பின்பக்கம் வலச் சில்லு மட்டும் வாரத்துக்கு இரண்டு என்ற அளவில் இறங்குகிறது. ஆணி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

சுன்னாகம் ரயர்காரன் எழுதியது:

வால்கட்டையின் மூடியைக் கழற்றி, சவர்க்கார நுரையை விரலால் அதன் வாயில் வைத்துப் பாருங்கள். குமிழி மெதுவாக ஊதிப் பெருத்தால் உள்ளேயுள்ள ஊசி இறுகவில்லை, மண் அடைத்திருக்கலாம். அடிப்பகுதியில், றப்பர் சில்லுக்குள் நுழையும் இடத்தில் குமிழி வந்தால் றப்பர் வெடித்துவிட்டது, மாற்ற வேண்டும். அங்கும் இல்லையென்றால் ரயர் விளிம்பும் இரும்பும் சேரும் வட்டத்தைச் சுற்றி ஊற்றுங்கள்.

கோண்டாவில் வாசி எழுதியது:

செய்து பார்த்தேன். வால்கட்டையை ஒரு பக்கமாகச் சாய்த்தபோது அதன் அடியில் கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்தன. றப்பரில் மயிரிழை அளவு வெடிப்பு இருக்கிறது. நான்கு சில்லும் ஒரே வயது என்பதால் நான்கு வால்கட்டைகளையும் மாற்றச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வவுனியா போகிறோம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒருமுறை அளப்பேன்.